கட்டி வை, கைக்கெட்ட வை
பாய்மரப் படகு புயலில் புரளும்போது எதிரி வெளியே மட்டும் இல்லை, அறைக்குள்ளும் இருக்கிறது

2018 செப்டம்பர் 21. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு மேற்கே 3,000 கி.மீ.க்கும் அப்பால், தெற்கு இந்தியப் பெருங்கடலில் 'துரியா' என்ற 32 அடி பாய்மரப் படகைப் புயல் புரட்டிப் போட்டது. பாய்மரம் முறிந்தது. தனி ஆளாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த இந்தியக் கடற்படை கமாண்டர் அபிலாஷ் டோமிக்கு முதுகெலும்பில் பலத்த அடி. நடக்க முடியவில்லை. சாட்டிலைட் போன் கைவிட்டது. ஆபத்துக் காலத்துக்கென்றே தயாராக வைத்திருந்த அவசரப் பை படகில்தான் இருந்தது. ஆனால் அதை எட்டி எடுப்பது பெரும்பாடாகிவிட்டது.

குறுஞ்செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவிதான் கைகொடுத்தது. செப்டம்பர் 24 அன்று பிரெஞ்சுக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டது.

நெடும்பயணம் போகும் மாலுமிகள் இதில் இரண்டு பாடங்களைப் பார்க்கிறார்கள். படகு புரளும் என்று நினைத்தே பொருள்களைக் கட்ட வேண்டும். கட்டியதை அடிபட்டவனும் எடுக்க முடிய வேண்டும்.

முதல் கவலை பேட்டரி. பெரிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று 25 முதல் 30 கிலோ எடை இருக்கும். கட்டு அறுந்தால் அது பீரங்கிக் குண்டுதான். போதாததற்கு அமிலமும் சிந்தும். எனவேதான் வேர்ல்டு செய்லிங் அமைப்பின் கடல் பந்தய விதிகள், படகு தலைகீழாகக் கவிழ்ந்தாலும் பேட்டரி இடம்பெயரக் கூடாது என்கின்றன. அடுப்பு, எரிவாயு உருளை, கருவிப்பெட்டி, நங்கூரம் எல்லாவற்றையும் உறுதியாகப் பிணைக்க வேண்டும். சமையல் அடுப்பு அலைக்கேற்ப ஊஞ்சல்போல் ஆடலாம். ஆனால் கொக்கியை விட்டுக் கழலக் கூடாது. அலமாரிக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள், தட்டுகளின் விளிம்பில் தடுப்புப் பட்டை, தூங்குபவர் உருண்டு விழாமலிருக்கப் படுக்கையோரம் கித்தான் திரை என்று பட்டியல் நீள்கிறது.

மின்னணுச் சாதனங்களுக்கு இன்னொரு எதிரி, உப்பு நீர். ஒயரை நேராகச் செருகாமல், கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே கொண்டுபோவார்கள். ஒயர் வழியே வழியும் நீர் சாதனத்துக்குள் இறங்காமல் வளைவிலேயே சொட்டிவிடும். லேப்டாப்பை மேசையோடு வார்போட்டுக் கட்டுவார்கள். கையடக்க வானொலிக் கருவி, உதிரி ஜி.பி.எஸ்., சாட்டிலைட் போன் ஆகியவை நீர் புகாத பையில், வெளியேறும் படிக்கட்டுக்கு அருகே இருக்கும். எது எங்கே என்பதை இருட்டிலும் கை அறிந்திருக்க வேண்டும்.

டோமியின் முதுகெலும்புக்கு டைட்டானியம் கம்பிகள் தேவைப்பட்டன. ஆனாலும் அதே கோல்டன் குளோப் பந்தயத்துக்குத் திரும்பிய அவர், 2023 ஏப்ரலில் இரண்டாவதாகக் கரை சேர்ந்தார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி'யில் கிளம்பிய கடற்படை அதிகாரிகள் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும் கேரளத்தைச் சேர்ந்த தில்னாவும் எட்டு மாதங்களில் உலகைச் சுற்றித் திரும்பினார்கள். இப்படிப்பட்ட பயணங்களில் வீரம் பேசப்படுகிறது. கரையிலேயே இறுக்கிப் போட்ட முடிச்சுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.