ஒளிரும் சக்கரச் சறுக்குக் காலணி

ஒளிரும் சக்கரச் சறுக்குக் காலணி என்பது, உருளும்போது சக்கரங்களில் விளக்கு எரியும்படியும், வளரும் பாதத்துக்கு ஏற்ப அளவைக் கூட்டிக் குறைக்கும்படியும் குழந்தைகளுக்காக உருவாக்கப்பட்ட விளையாட்டுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்கேட்டிங் ஷூ எனப்படுகிறது. இதன் சக்கர விளக்குகளுக்குப் பெரும்பாலும் மின்கலம் கிடையாது. நெய்வேலி அனல் மின் நிலையத்தில் மின்சாரம் பிறக்கும் அதே தத்துவமே இச்சிறு சக்கரத்திலும் செயல்படுகிறது. சக்கரம் சுழலும்வரை மட்டுமே விளக்கு எரியும் என்பது இதன் சிறப்பு. இதன் குறையும் அதுவே.

வகைகளும் வரலாறும்

சறுக்குக் காலணிகள் இரு வகைப்படும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு எனச் சக்கரங்கள் அமைந்தது குவாட் வகை. மூன்று அல்லது நான்கு சக்கரங்கள் ஒரே வரிசையில் அமைந்தது இன்லைன் வகை.

1760களில் ஜான் ஜோசப் மெர்லின் என்பவர் லண்டனில் சக்கரக் காலணி அணிந்து ஒரு விருந்தில் வலம்வந்தார் என்றும், திரும்பவும் நிறுத்தவும் வழியில்லாமல் பெரிய கண்ணாடி ஒன்றில் மோதினார் என்றும் கூறப்படுகிறது. உடலைச் சாய்த்தால் காலணி திரும்பும்படியான நான்கு சக்கர அமைப்புக்கு, அமெரிக்காவின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் 1863இல் காப்புரிமை பெற்றார். 1980களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவைச் சேர்ந்த ஓல்சன் சகோதரர்கள் இன்லைன் வகையைப் பரவலாக்கினர்.

அளவை மாற்றும் அமைப்பு

பழைய இரும்புச் சறுக்குக் காலணிகளைச் சாதாரண ஷூவின் மேலேயே மாட்டிக்கொள்ளலாம். அடித்தட்டு இரு துண்டுகளாக இருக்கும். அடியிலுள்ள திருகைத் தளர்த்தித் தட்டை நீட்டி, மீண்டும் முடுக்க வேண்டும். இன்றைய காலணிகளில் பக்கவாட்டிலுள்ள பொத்தானை அழுத்தினால் முன்பகுதி நகரும். ஒரே காலணி மூன்று நான்கு அளவுகளுக்குப் பொருந்துவது இதனால்தான்.

இந்த அமைப்பில் முக்கியமாக நீளமே மாறுகிறது. கணுக்காலைப் பிடிக்கும் பகுதி அந்த அளவுக்கு மாறுவதில்லை. ‘இரண்டு வருடத்துக்கு வரட்டும்’ என்று பெரிய அளவாக வாங்கினால், நீளத்தைக் குறைத்தாலும் கணுக்கால் ஆடும், குழந்தை விழும். இன்றைய பாத அளவு, காலணியின் மிகச்சிறிய அளவுக்காவது எட்ட வேண்டும். காலுறையோடு அணிந்து நேராக நிற்கும்போது விரல் நுனி முன்பகுதியை லேசாகத் தொடுவதும், முழங்காலை மடக்கும்போது விரல் சற்றே பின்வாங்குவதும் சரியான பொருத்தம். இரு காலணிகளையும் ஒரே அளவில் வைத்து, பூட்டு விழுந்துவிட்டதா என்று இழுத்துப் பார்ப்பது அவசியம்.

சக்கரம் ஒளிரும் முறை

ஒரு கம்பிச் சுருளின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறும்போது அச்சுருளில் மின்னழுத்தம் தோன்றும். இதனை மைக்கேல் பாரடே 1831இல் கண்டறிந்தார். ஒளிரும் சக்கரத்தின் அச்சில் ஒரு காந்த வளையம் அசையாமல் நிற்கிறது. கம்பிச் சுருளும் எல்.இ.டி. விளக்குகளும் சக்கரத்துக்குள் பதிக்கப்பட்டு அதனோடு சேர்ந்து சுழல்கின்றன. குழந்தையின் கால் தரும் விசையே இங்கு மின்சாரமாகிறது.

நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. நிலக்கரியின் வெப்பம் நீரை நீராவியாக்குகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. டர்பைன் மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அங்கே காந்தம் சுழல, கம்பிச் சுருள் நிலையாக நிற்கிறது. காலணியில் இது தலைகீழ். இரண்டிலும் தத்துவம் ஒன்றே.

வேகத்திலும் ஒப்பிடலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்காக இத்தகைய பெரிய டர்பைன்கள் நொடிக்கு 50 முறை சுழல்கின்றன. 70 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 22 செ.மீ. உருளும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் செல்லும் குழந்தையின் சக்கரம் நொடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது.

மாணவர்கள் இதை எளிதாகச் சோதிக்கலாம். காலணியைக் கவிழ்த்துப் பிடித்து, சக்கரத்தை விரலால் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் சுழற்ற வேண்டும். மெதுவாகச் சுழன்றால் விளக்கு எரியாது. வேகம் கூடக்கூட ஒளியும் கூடும். சிவப்பு எல்.இ.டி. எரியச் சுமார் 2 வோல்ட் போதும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் சுமார் 3 வோல்ட் தேவை. ஆகவே பல நிறங்கள் கொண்ட சக்கரத்தில் சிவப்பு முதலில் எரியக் காணலாம்.

ஒளி தரும் பாதுகாப்பின் எல்லை

குழந்தை நின்றால் விளக்கு அணைந்துவிடும். விழுந்தாலும் சக்கரம் நின்றதும் அணைந்துவிடும். இருட்டிய சாலையில் பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டிய நேரத்தில் ஒளி இருக்காது. மேலும், தரையை ஒட்டிய இச்சிறு ஒளி எதிரே கிடக்கும் கல்லைக் காட்டாது. எனவே இது அழகுக்கான விளக்கு. சாலைப் பாதுகாப்புக்கானது அன்று. பொழுது சாய்ந்தபின் வாகனம் வராத, நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் மட்டுமே சறுக்க வேண்டும்.

எண்ணிட்ட வட்டங்களாக, மரங்கள் சூழ்ந்த சாலைகளோடு அமைந்த நெய்வேலி நகரியம் போன்ற இடங்களில் உட்சாலைகள் சறுக்குவதற்கு ஏற்றவையாகத் தோன்றும். ஆனால் ஷிப்ட் மாறும் நேரத்தில் அங்கும் வாகனங்கள் வரும். சைக்கிள் சக்கரம் எளிதாக ஏறிக் கடக்கும் குச்சியும் சரளைக் கல்லும் சிறிய சறுக்குச் சக்கரத்தைச் சட்டென்று நிறுத்திவிடும். சுத்தமான சிமெண்டுத் தளமோ சறுக்குத் தளமோ தொடக்கநிலையினருக்கு நல்லது.

விழும்போது கையை ஊன்றுவது இயல்பு என்பதால் மணிக்கட்டு முறிவு அதிகம் ஏற்படுகிறது. தலைக்கவசம், மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் காப்புகள் ஆகிய நான்கும் தேவை. வேகமாகச் செல்லக் கற்பதற்கு முன் நிறுத்தக் கற்க வேண்டும். குவாட் வகையில் முன்னாலும், குழந்தைகளின் இன்லைன் வகையில் பின்னாலும் தடை இருக்கும்.

சில மலிவான காலணிகளில் பட்டன் மின்கலம் இருக்கும். அதன் மூடி திருகால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் கடுமையாக வெந்துபோகலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பராமரிப்பு

சக்கரங்களைத் தண்ணீரில் கழுவினால் பேரிங் துருப்பிடிக்கும்; துணியால் துடைத்தால் போதும். காந்தத்தில் ஒட்டும் இரும்புத் துகள்களையும் அச்சில் சுற்றிய நூலையும் அவ்வப்போது நீக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது காந்த வளையத்தை விட்டுவிட்டால் விளக்கு எரியாது.

போட்டி விளையாட்டாக

போட்டிகளில் அளவு மாறும் காலணிகளுக்குப் பதிலாக, பாதத்துக்கேற்ற நிலையான காலணிகளையே வீரர்கள் அணிகின்றனர். 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆடவர், மகளிர் அணிகள் வெண்கலம் வென்றன. அவற்றில் தமிழ்நாட்டின் ஆனந்த்குமார் வேல்குமார், கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ் ஆகியோர் இடம்பெற்றனர். 2025இல் சீனாவில் நடந்த உலக விரைவுச் சறுக்குப் போட்டியில் ஆனந்த்குமார் 1000 மீட்டர் பிரிவில் தங்கம் வென்றார்.