இருட்டைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள்!

“சாப்பிடலைன்னா இருட்டுல இருந்து பூச்சாண்டி வருவான்!”

இருட்டைப் பற்றி நம் வீட்டுக் குழந்தைகள் கேட்கும் முதல் பாடம் பெரும்பாலும் இதுதான். ஒளி பற்றிய பாடம் பள்ளிப் புத்தகத்தில் வந்து சேர்வதற்குள் பயம் முந்திக்கொண்டுவிடுகிறது. மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக்குள் கையால் தொட்டுக் கற்க, ஒளி, இருளைவிட மலிவான அறிவியல் வேறில்லை. ஒரு அட்டைப்பெட்டியும் ஒரு டார்ச் லைட்டும் போதும்.

மளிகைக் கடையில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு சிவப்புப் பந்தைப் போட்டு, இடுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டி மூடுங்கள். பக்கவாட்டில், கண் வைத்துப் பார்க்கிற அளவுக்கு ஒரே ஓட்டை. குழந்தை முகத்தை ஒட்டவைத்துப் பார்க்கட்டும். “ஒண்ணும் தெரியலையே!” என்று சொல்லும். “இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தா தெரியுமா?” என்று கேளுங்கள். பல பிள்ளைகள் “தெரியும்” என்பார்கள். கரண்ட் போன வீட்டில் கண் மெல்லப் பழகிய அனுபவம் அவர்களுக்கு உண்டு. காத்திருந்து பார்க்கட்டும். பிறகு மேலே ஒரு துளை போட்டு டார்ச் அடியுங்கள். பந்து பளிச்சென்று தெரியும். பந்தும் அங்கேயேதான் இருந்தது, கண்ணும் திறந்தேதான் இருந்தது. இல்லாமல் போனது வெளிச்சம் மட்டும். இதை நீங்கள் சொல்லக் கூடாது, குழந்தை சொல்ல வேண்டும்.

அடுத்தது, கண்ணாடி டம்ளர், எண்ணெய் தடவிய காகிதம், எவர்சில்வர் தட்டு. எதற்குள் வெளிச்சம் புகும், எது தடுக்கும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் டார்ச்சைக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ஊகம் தப்பினாலும் திருத்த வேண்டாம், டார்ச்சே திருத்திவிடும்.

நிழல்தான் இதில் பெரிய விருந்து. சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே 1920-களில் குழந்தைகளிடம் நிழல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மரத்தடியிலிருந்து வருகிறது, இரவிலிருந்து வருகிறது என்றெல்லாம் சின்னஞ்சிறுசுகள் பதில் சொன்னார்கள். அவர்களுக்கு நிழல் என்பது ஒரு பொருள். வெளிச்சம் தடைபட்ட இடம்தான் நிழல் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. தோல்பாவைக்கூத்துக் கலைஞர் பாவையை விளக்குப் பக்கம் கொண்டுபோனால் திரையில் உருவம் பெரிதாகும். வேட்டியைத் திரையாகக் கட்டிக் குழந்தையையே அதைச் செய்ய விடுங்கள். வாசலில் குழந்தையை நிறுத்தி காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் நிழலைச் சாக்பீஸால் வரையுங்கள். ஏப்ரலில் ஒரு நாள் உச்சிவேளையில், நட்டுவைத்த குச்சியின் நிழலே காணாமல் போகும். கன்னியாகுமரியில் அந்த மாத நடுவுக்கு முன்பே, சென்னையில் கடைசி வாரத்தில்.

என் கவலையெல்லாம் கிரகண நாளைப் பற்றித்தான். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல் வானத்தில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. மரத்தடியில் தினமும் விழும் வட்ட வெளிச்சப் பொட்டுகள் சூரியனின் பிம்பங்களே. அன்று அவை பிறைகளாகவும் வளையங்களாகவும் மாறிக் கிடந்தன. ஒரு அட்டையில் ஊசித்துளை போட்டுத் தரையில் பார்த்திருக்கலாம். ஆனால், ஜன்னலைச் சாத்திப் பிள்ளைகளை உள்ளே அடைத்த வீடுகள் ஏராளம். வெறும் கண்ணால் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பது நியாயமான எச்சரிக்கை. வாசலுக்கே வரக் கூடாது என்பது வெறும் பயம். இருட்டுக்குப் பயந்து வளரும் குழந்தை, ‘ஏன்’ என்று கேட்கவும் பயப்படும்.

‘முதலில் அ, ஆ படிக்கட்டும், அறிவியல் பிறகு’ என்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது.

பெற்றோரே, அங்கன்வாடிப் பணியாளர்களே! 2031 மே 21 அன்று தமிழ்நாட்டில் தெரியும் அடுத்த வளையச் சூரிய கிரகணம் மதுரை, காரைக்குடி, வேதாரண்யம் வழியாகச் செல்லப்போகிறது. இன்று உங்கள் மடியில் இருக்கும் பிள்ளைகள் அன்று பள்ளி மாணவர்கள். தரமான கிரகணக் கண்ணாடியைக் கொடுத்து அவர்களை வாசலுக்கு அழைத்து வாருங்கள். அதற்கான பயிற்சியை இந்த வாரமே ஒரு அட்டைப்பெட்டியில் தொடங்குங்கள்.