கடைக்குத்தான் விடுமுறை, கண்ணுக்கு இல்லை!

வணிகப் பெருமக்களே! காலை ஆறு மணிக்குக் கடை திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் ஷட்டரை இறக்குகிறோம். நாம் கடைக்குப் புறப்படும்போதும் பிள்ளைகள் தூங்குகிறார்கள்; வீடு திரும்பும்போதும் தூங்குகிறார்கள். மே 5 வணிகர் தினம் என்றால் கடையை அடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். போராட்டம் என்றாலும் அடைக்கிறோம். பெற்ற பிள்ளைகளுக்காக இரண்டு நாள் அடைக்க மட்டும் மனம் வருவதில்லை.

நானும் அப்படி இருந்தவன்தான். மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எட்டு வயதில் மகன், நான்கு வயதில் மகள். "அப்பா, கடல் நம்ம கடையைவிடப் பெரிசா?" என்று மகள் ஒருநாள் கேட்டாள். கேள்வி நெஞ்சில் தைத்தது. சென்ற காலாண்டு விடுமுறையில் ராமேஸ்வரம் போவது என்று முடிவு செய்தோம்.

நாள் பார்ப்பதில்தான் நம் தொழில் சாமர்த்தியம் இருக்கிறது. முதல் தேதியிலிருந்து பத்துத் தேதிவரை சம்பள வியாபாரம். அப்போது நகர முடியாது. செப்டம்பர் கடைசியில் வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கும் இறங்கியிருக்காது. ஒரு வாரம் முன்பே வாசலில் பலகை வைத்தேன். பற்று வரவு உள்ளவர்களிடம் நேரில் சொன்னேன். பால், தயிர், ரொட்டி வரத்தை நிறுத்தினேன். திரும்பி வந்தபின் கணக்குப் பார்த்ததில், பருப்பும் எண்ணெயும் மூன்றாம் நாள் சேர்த்து விற்றுவிட்டன. பால், ரொட்டி வியாபாரம் மட்டுமே போனது.

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். ரயிலில் போனால் பாம்பனில் கடல்மேல் செல்லலாம். 1914ஆம் ஆண்டுப் பாலத்திற்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில், கப்பல் வரும்போது நடுப்பகுதி அப்படியே மேலே உயரும். பிள்ளைகள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

மாலையில் பள்ளிவாசல் தெருப் பக்கம் நடந்தோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. சிறுவனாக இருந்த அப்துல் கலாம் அதைப் பொறுக்கிச் சேர்த்து இந்தத் தெரு மளிகைக் கடையில் விற்றார். ஒரு நாள் சேர்த்ததற்கு ஓரணா கிடைத்தது என்று தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். இதைக் கேட்ட மகன், "நம்ம கடைக் கொட்டையெல்லாம் இனி எனக்கு" என்றான்!

மறுநாள் காலை அக்னி தீர்த்தம். கடல் குளம்போல் கிடந்தது. எனக்கு முழங்கால் ஆழம், மகளுக்கு இடுப்பளவு. அந்த நேரம் பார்த்து மண்டியிலிருந்து செல்போன். துவரம்பருப்பு விலை ஏறப்போகிறதாம். பேரம் பேச முகத்தைத் திருப்பினேன். அரை நிமிடம்கூட இருக்காது. திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம்! கால் சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்திருக்கிறாள். ஒரு சத்தமும் இல்லை. என் மனைவிதான் பாய்ந்து வந்து தூக்கினாள். குழந்தை இருமித் தண்ணீரைத் துப்பி அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. மூட்டைக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் எதை இழக்கப் பார்த்தேன்!

நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் கத்துவதில்லை. ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் நில்லுங்கள். கல்லாவை மாற்றிவிடும்போது சொல்லிவிட்டு எழுகிறோம் அல்லவா? அதுபோல, "இனி நீ பார்த்துக்கொள்" என்று வாய்விட்டுச் சொல்லாமல் காவல் மாறக் கூடாது. "எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

தனுஷ்கோடியில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் சொல்கிறார்கள். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் ஆண்கடல் சீறும், பெண்கடல் அடங்கியிருக்கும். வாடைக்காற்று வந்துவிட்டால் பெண்கடலும் பொங்கும். 1964 டிசம்பர் புயலில் அந்த ஊரும், அங்கே வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் கடலுக்குப் பலியாயின. இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்றும் சாட்சி. அங்கே வேடிக்கை பாருங்கள், குளிக்க இறங்காதீர்கள்.

எந்தக் கடற்கரையானாலும் முதலில் உள்ளூர் மீனவரைக் கேளுங்கள். இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடம் உள்ளே இழுக்கும் நீரோட்டமாக இருக்கலாம். சிக்கிக்கொண்டால் எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலகிப் பிறகு கரையேற வேண்டும். பிள்ளைகளுக்குக் காலை வெயில் ஏறுமுன் அல்லது மாலை நான்கு மணிக்குமேல் ஏற்றது. இருட்டியபின் தண்ணீர் வேண்டாம்.

பயணத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைகொடுக்கும். அது கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டி அளந்த ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நம் கடைச் சரக்குதானே!

ஊர் திரும்பும்போது மகள் சொன்னாள்: "அப்பா, கடலுக்கு ஷட்டரே இல்லையே!" உண்மைதான். அதனால்தான் காவல் நம்முடையது.

வரும் விடுமுறைக்கு இப்போதே நாள் குறியுங்கள். கடையைப் பூட்டுங்கள், கரையில் நிற்கும்போது செல்போனையும் அணைத்துவிடுங்கள். போன வியாபாரம் மறுவாரம் வரும். பிள்ளைகளின் நான்கு வயது மறுபடி வராது.