நமக்கு உறவல்லாத கல்லறைகள்



கடந்த மழைக்காலத்தில் எங்கள் சபையின் மூதாட்டி ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கணவரோடு கொல்கத்தாவுக்குப் பிழைக்க வந்தவர். விடியற்காலையில் அவர் ஜீவன் பிரிந்தது. பிற்பகல் நான்கு மணி வரையில் அவரை அடக்கம்பண்ண எங்களுக்கு ஆறடி நிலம் கிடைக்கவில்லை. ஓரிடத்தில், "உங்கள் சபை எங்கள் பட்டியலில் இல்லையே, பாஸ்டர்" என்றார்கள். மற்றோரிடத்தில் அங்கத்தினர் சீட்டைக் கேட்டார்கள். முடிவில் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில், முழங்கால் உயரம் வளர்ந்திருந்த புல்லை வெட்டி, மழைத் தூறலிலேயே ஆராதனையை முடித்தோம்.

மண் போட்டுத் திரும்புகையில் அவருடைய மகன் என்னிடம், "பாஸ்டர், அம்மாவுக்குப் பக்கத்தில் இருப்பது யார்?" என்று கேட்டார். அந்தக் கல்லின் எழுத்துகளைப் பாசி மூடியிருந்தது. எனக்கும் தெரியவில்லை. அந்தத் தோட்டத்தின் வாசலை ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகக் கடந்து சென்று வருகிறேன்; ஒருநாளும் உள்ளே நின்று ஒரு பெயரையும் வாசித்ததில்லை. நமக்கு இடம் தேவைப்பட்ட அன்றுதான் அவ்விடம் என் கண்ணுக்குத் தெரிந்தது. இதைச் சொல்ல வெட்கப்படுகிறேன்.

அதன் பின்னரே நான் சில காரியங்களைத் தேடிப் படித்தேன். இன்று அன்னை தெரசா சரணி என்று பெயர் பெற்றுள்ள பார்க் ஸ்ட்ரீட்டை நம்மில் பலர் அறிவோம். கிறிஸ்துமஸ் விளக்குகளைக் காட்டப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் வீதி அது. முற்காலத்தில் அதன் பெயரே கல்லறைத் தோட்டச் சாலை. அங்கே நான்கு கல்லறைத் தோட்டங்கள் இருந்தன. இன்று எஞ்சியிருப்பது ஒன்றே.

அழிந்துபோனவற்றில் ஒன்று மிஷன் கல்லறைத் தோட்டம். அதை ஏற்படுத்தியவர் கீர்னாண்டர் என்னும் சுவீடன் தேசத்து மிஷனெரி. வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்தபோது இப்பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். 1740இல் நம்முடைய கடலூருக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் அங்கே ஊழியஞ்செய்தவர். 1758இல் கொல்கத்தாவுக்கு வந்து, 1770இல் பழைய மிஷன் ஆலயத்தைக் கட்டி முடித்தவர். தமிழ்நாட்டிலிருந்து இந்நகருக்கு இடம்பெயர்ந்த ஊழியர்களில் அவர் முன்னோடி எனலாம். 1799இல் மரித்துத் தாம் ஏற்படுத்திய தோட்டத்திலேயே அடக்கம்பண்ணப்பட்டார். அந்தத் தோட்டம் இன்று இல்லை.

இன்னொன்று வடக்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரேயின் தகப்பனார் அங்கேதான் அடக்கம்பண்ணப்பட்டிருந்தார். 1950களில் அது அகற்றப்பட்டது. அந்த நிலத்தில் இன்று பள்ளிக்கூடமும் ஆலயமும் நிற்கின்றன. அந்த ஆலயம் யாருடையது தெரியுமா? நம்மைப்போன்ற பெந்தெகொஸ்தே விசுவாசிகளுடையதே. குற்றஞ்சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் அவ்வூழியத்தால் பசியாறியதையும் கல்வி பெற்றதையும் நானறிவேன். ஆயினும் பழைய கல்லறைகள் பிற சபையாரின் விவகாரம் என்று நாம் விலகி நிற்க முடியாது என்பதற்கு இதைவிட நெருங்கிய சான்று வேண்டுமோ?

எஞ்சிய ஒன்று, 1767இல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டம். ஆசியச் சங்கத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் 1794இல் அங்கே அடக்கம்பண்ணப்பட்டார். 22 வயதில் மரித்த இளங்கவி டெரோசியோவின் கல்லறையும் அங்கேதான். ஒரு முறை குடும்பமாகச் சென்று பாருங்கள். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய கூம்புகளும் மண்டபங்களும் மரநிழலில் வீடுகளைப்போல நிற்கும். மரித்தோரின் வயதுகளையும் வாசியுங்கள். இருபது, இருபத்திரண்டு, கைக்குழந்தைகள். காய்ச்சலும் பேதியும் வாரிக்கொண்டு போனவர்கள் இவர்கள். இவர்களுடைய வம்சத்தார் ஒருவரும் இவ்வூரில் இல்லை.

பிறகு அது எப்படித் தப்பியது? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதுவும் புதர் மண்டி, ஆலும் அரசும் வேர்விட்டுப் பிளந்து, பளிங்குப் பலகைகள் களவுபோன நிலையில்தான் கிடந்தது. 1976இல் தெற்காசியாவிலுள்ள பழைய ஐரோப்பியக் கல்லறைகளுக்காக இங்கிலாந்தில் பாக்ஸா என்னும் சங்கம் தொடங்கப்பட்டது. கொல்கத்தாவிலும் உள்ளூர்வாசிகள் அந்நோக்கத்தோடு ஒரு சங்கமாகக் கூடினர். அங்கிருந்து சிறு உதவித்தொகை வந்தது. உழைப்பும் மேற்பார்வையும் இங்கேயே நடந்தன. பிற்காலத்தில் பிரெசிடென்சி பல்கலைக்கழகத்தார் சின்சுராவிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் கல்வெட்டுகளைப் பதிவுசெய்து, எவரும் இணையத்தில் காணும்படி வைத்தனர். இவர்களில் எத்தனை பேருக்கு அக்கல்லறைகளில் உறவினர் இருந்திருப்பார்கள்!

லோயர் சர்க்குலர் ரோடு கல்லறைத் தோட்டத்தையும் சொல்ல வேண்டும். வங்கமொழியின் பெருங்கவி மைக்கேல் மதுசூதன் தத் அங்கே இருக்கிறார். 1843இல் கிறிஸ்தவரானவர், 1848 முதல் 1856 வரை நம்முடைய சென்னையில் ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் வாழ்ந்தவர். 1873 ஜூனில் மனைவி இறந்த மூன்றாம் நாள் அவரும் வறுமையில் மரித்தார். ஆலயத்துக்கு ஒழுங்காக வராதவரை அடக்கம்பண்ணுவதா என்று சபையார் தயங்கினர். போதகர் ஒருவர் துணிந்து முன்வந்த பின்னரே அடக்கம் நடந்தது. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1888இல் பொதுமக்கள் கொடுத்த பணத்தில் கல்லறைக்கு நினைவுச்சின்னம் எழும்பிற்று. இன்றும் அவர் பிறந்தநாளில் அங்கே மலர் கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். சபை தயங்கிய இடத்தில் ஊர் பொறுப்பேற்றது. இதை வாசித்தபோது என் மனம் குத்துண்டது.

"மரித்தோருக்காக ஜெபிப்பதும் கல்லறையை வணங்குவதும் நமக்குத் தகாதே, பாஸ்டர்" என்று நீங்கள் சொல்லலாம். தகாதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நவம்பர் 2ஆம் தேதி மற்றச் சபையார் மெழுகுவர்த்தியோடு கல்லறைக்குச் செல்கையில் நாம் வீட்டிலிருக்கிறோம். ஆனால் மற்ற 364 நாட்களிலும் அங்கே செல்லாமலிருக்க எந்த வசனம் சொல்லுகிறது? யோசியா ராஜாவை நினைத்துப் பாருங்கள். விக்கிரகங்களை அவனைப்போல் இடித்தவர் இல்லை. பெத்தேலில் கல்லறைகளைத் திறந்து பலிபீடத்தைத் தீட்டுப்படுத்திக்கொண்டிருந்தவன், அங்கே தென்பட்ட ஓர் அடையாளத்தைக் கண்டு அது யாருடையது என்று விசாரித்தான். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுடையது என்றறிந்ததும் அதை ஒருவரும் தொடக்கூடாதென்று கட்டளையிட்டான் (2 இராஜாக்கள் 23). அவன் விசாரித்தான், நாம் அதுகூடச் செய்வதில்லை.

ஆபிரகாம் நம்மைப்போல் பிழைக்கப்போன இடத்தில் பரதேசியாய் இருந்தவர். சாராளை அடக்கம்பண்ண ஏத்தின் புத்திரர் முன்பாக எழுந்து நின்று, நானூறு சேக்கல் வெள்ளியை நிறுத்துக்கொடுத்தே நிலம் வாங்கினார். அந்நிய மண்ணில் கல்லறைக்கு இடம் பெறுவது அன்றும் எளிதாயிருக்கவில்லை. இன்றும் அப்படியே. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரில் ஓர் ஊழியரின் சரீரம் ஏறக்குறைய மூன்று வாரம் பிணவறையில் காத்திருந்து, உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின்னரே, சொந்தக் கிராமத்தை விட்டுத் தொலைவிலுள்ள இடத்தில் அடக்கம்பண்ணப்பட்டதை நாம் செய்தித்தாள்களில் வாசித்தோம். நகரங்களில் புதிய கல்லறைத் தோட்டத்துக்கு நிலம் கிடைப்பது அரிது. இருக்கிற பழைய தோட்டமும் கேட்பாரற்றுப்போனால் ஒருநாள் மதிற்சுவர் நகரும். பின்னர் அங்கே வேறொன்று எழும்பும். மேலும், நம்முடைய பிள்ளைகளில் பாதிப்பேர் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வந்து நம் கல்லறைப் புல்லை வெட்டுவார்களென்று உங்களுக்கு நம்பிக்கை உண்டோ? எனக்கில்லை. வேறு யாராவது வெட்டினால்தான் உண்டு.

ஆர்வத்தில் அவசரப்பட்டு வெட்டுக்கத்தியோடு கிளம்பிவிடாதீர்கள். முதலில் தோட்டத்தை நிர்வகிக்கும் குழுவினரிடம் அனுமதி பெறுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடமானால் ஒரு கல்லையும் தொடலாகாது. அது சட்டப்படி குற்றம். பழைய கல்லில் ஆசிட் ஊற்றவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ வேண்டாம்; எழுத்தே போய்விடும். சாதாரணத் தண்ணீரும் மென்மையான நார்த் தூரிகையும் போதும். சுவரில் முளைத்த ஆலங்கன்றைச் சிறிதாயிருக்கையிலேயே எடுத்துவிட வேண்டும். பெரிதானதைப் பிடுங்கினால் செங்கல்லும் கூடவே வந்துவிடும். அதை அறிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய கல்லறைக்குச் சிமெண்ட் பூசுவது பக்தியுள்ளவர்கள் செய்யும் பெரிய தவறு. சிமெண்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளிருக்கும் செங்கல் உதிர்ந்துபோகும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, எழுத்துகளைப் படமெடுத்து ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வையுங்கள். மங்கிய எழுத்தின்மேல் பக்கவாட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பினால் அது தெளிவாய்த் தெரியும். வாலிபர்கள் இதை விளையாட்டாகவே கற்றுக்கொள்வார்கள்.

எங்கள் சபையில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பேர் செல்கிறோம். இதுவரை எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்களை எழுதியிருக்கிறோம். பக்கத்து மசூதித் தெருவில் தேநீர்க் கடை வைத்திருக்கும் பெரியவர் மண்வெட்டி கொடுத்து உதவுகிறார். தோட்டக் குழுவினரும் இப்போது எங்கள் பட்டியலைக் கேட்கிறார்கள்.

சென்ற மாதம் அந்த மகன் தன் தாயின் பக்கத்திலிருந்த கல்லைக் கழுவினார். பாசி நீங்கியபோது ஒரு குழந்தையின் பெயரும், பதினொரு மாதம் என்ற வயதும் தெரிந்தன. வருடம் இருக்கவேண்டிய வரி மண்ணுக்குள் அமிழ்ந்திருக்கிறது. "குழுவினரைக் கேட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமை மண்ணை விலக்கிப் பார்க்கலாம் பாஸ்டர்" என்றார்.