வீடும் ஓடுது... சைக்கிளும் ஓடட்டும்!

அமெரிக்காவில் ரிட்டயரான பல தம்பதிகள் சொந்த வீட்டை விற்றுவிட்டு, படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ள 'ஆர்.வி.' என்கிற பெரிய வண்டியிலேயே வருஷம் முழுக்க ஊர் சுற்றுகிறார்கள். கேட்கவே ஜோராக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஐந்தாறு மணி நேரம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் கால் என்னாகும்? கெண்டைக்கால் சதை சுருங்கி விரிந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். அசையாவிட்டால் தேங்கும். சிலருக்கு உறைந்தும் போகும்.

வண்டிக்குப் பின்னால் இரண்டு சைக்கிளையும் மாட்டிக்கொண்டு போகிறவர்கள் புத்திசாலிகள். மிசௌரி மாநிலத்தில் 'கேட்டி டிரெயில்' என்றொரு பாதை. 1986-ல் ரயில் நின்றுபோன தடத்தில் சுண்ணாம்புக்கல் பொடி பரப்பியிருக்கிறார்கள். நீளம் 380 கி.மீ.க்கு மேல்! ரயில் ஓடிய வழியாச்சே, செங்குத்தான ஏற்றம் கிடையாது. மூட்டு தேய்ந்தவர்கள்கூட மெதுவாக மிதிக்கலாம்; உடம்பின் பாரத்தைத்தான் சீட்டு தாங்கிக்கொள்கிறதே! பெடல் கீழே வரும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கணும். சீட்டை ரொம்பத் தாழ்த்தினால் முழங்கால் வலிதான் மிச்சம்.

ஒன்று மட்டும், இது கார், பஸ்ஸில் போகும் உங்களுக்கும்தான். நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சைக்கிளைத் தொடாதீர்கள். தைலம் போட்டு நீவவும் கூடாது. தைலம் கொடுக்கிற சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! உறைந்த ரத்தம் நகர்ந்து நுரையீரலில் போய் அடைத்துவிடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.