வீட்டு சிஎன்சி ரூட்டரில் வட்டம் ஏன் கோணலாகிறது?

வீட்டில் செய்யும் சிஎன்சி ரூட்டரை, அதாவது கணினிக் கட்டளைப்படி மரம் வெட்டும் கருவியை, நகர்த்துவது பெரும்பாலும் ஸ்டெப்பர் மோட்டார். ஒரு மின் துடிப்புக்கு அது வழக்கமாக 1.8 டிகிரி திரும்பும். 200 துடிப்புக்கு ஒரு முழுச் சுற்று. சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்தும் திருகுத்தண்டை இணைத்தால், துடிப்புக்கு 0.04 மி.மீ. நகர்வு. ஆர்டுயினோ பலகையில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற இலவச மென்பொருள் நகர்வைச் சொல்லும் ஜி-கோடு கட்டளைகளைத் துடிப்புகளாக்குகிறது.

கணக்கு சரிதான், இரும்புதான் ஏமாற்றும். திருகுத்தண்டுக்கும் அதன்மேல் நகரும் நட்டுக்கும் இடையே சிறு தளர்வு உண்டு. திசை மாறும்போது தண்டு சற்று வெறுமனே சுழன்ற பிறகே நட்டு நகரும், வட்டம் பிசகும். சுருள்வில் வைத்த இரட்டை நட்டு இதைப் பெரிதும் குறைக்கும். வெட்டுமுனையை மரம் எதிர்த்துத் தள்ளுவதால் மெலிந்த சட்டமும் வளையும். பெரிய மோட்டாரைவிடக் கனமான சட்டத்துக்குச் செலவழிப்பதே மேல்.

ஒரேயடியாக ஆழமாக வெட்டினால் மோட்டார் துடிப்புகளைத் தவறவிடலாம். நிலையறியும் உணரி இல்லாவிட்டால் ஆர்டுயினோவுக்கு அது தெரியாது. ஆகவே ஆழத்தை அடுக்கடுக்காகப் பிரித்தே வெட்ட வேண்டும்.