உடல் இளைத்த பின் உள்ளம்

தஞ்சோங் காராங்கைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த முன்னோர், விடியுமுன் எழுந்து பால்மரம் சீவினர். உண்ட சோற்றை உழைப்பே எரித்தது. பின்னர் இரப்பர் நின்ற நிலங்களிற் பல செம்பனைக் காடுகளாயின. மக்களிற் பலர் பட்டணத்து வேலைகளுக்குச் சென்றனர். உழைப்பு மாறிற்று, உணவுப் பழக்கம் அவ்வளவாக மாறவில்லை. மலேசியாவில் 2023ஆம் ஆண்டு நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களுள் 54.4 விழுக்காட்டினர் மிகுஎடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில், இனவாரியாக நோக்க, உடற்பருமன் இந்தியரிடையே மிகுந்திருந்தது.

உணவுக் கட்டுப்பாட்டால் இளைக்காத கடும் பருமனுக்கு அறுவை மருத்துவமும் ஒரு வழி. இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் முறையை 1966இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்டு மேசன் தொடங்கினார். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி அகற்றும் முறையே இன்று மிகுதியாகக் கையாளப்படுகிறது. இதனால் எடை குறைவதோடு நீரிழிவும் பலருக்குத் தணிகிறது. ஆயினும் கத்தி தொடுவது வயிற்றை மட்டுமே.

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு நீர் பெரும்பாலும் இரைப்பையிலேயே ஊறுவது. இரைப்பை குறைந்தால் பசி அடங்கும். ஆனால் துயர் வந்தபோது சோற்றில் ஆறுதல் தேடிய பழக்கம் அடங்காது. ஆதலின் முதல் மாதங்களில் சிலர், உற்றாரை இழந்தவர் போல உணவை எண்ணி வருந்துவர். எடை குறையக் குறைய மகிழ்ச்சி பிறக்கும். பின்னர் எடை ஒரு நிலையில் நிற்க, தொங்கும் தோலும் தீராத பழங்கவலைகளும் கண்ணிற்படும். சோர்வு நுழையும் காலம் அதுவே.

கனடாவில் 8,815 பேரை ஆராய்ந்து 2016இல் வெளிவந்த முடிவு எச்சரிக்கத்தக்கது. அறுவைக்குப் பின் தம்மைத் தாமே ஊறுபடுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்த நிகழ்ச்சிகள் மிகுந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் நிகழ்ந்தவை. அவ்வாறு வந்தோருள் மிகப் பலர் முன்னரே மனநோய்க்கு ஆளானவர்கள். ஆகவே உள்ளத்தின் நிலையை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் மறையாது கூறுதல் வேண்டும்.

மற்றோர் இடர் மது. குடலோடு இணைக்கும் அறுவைக்குப் பின் மது விரைந்து இரத்தத்தில் கலக்கும். சிறிதளவே பெருமயக்கம் தரும். கள்ளும் சம்சுவும் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இழைத்த கேட்டை அறிந்தோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சோற்றை இழந்தவன் கிண்ணத்தை நாடலாகாது.

சோர்வு அனைத்தும் மனத்தினின்றே எழுவதும் அன்று. தயமின், பி12 ஆகிய உயிர்ச்சத்துகள் குறைந்தாலும் நினைவும் ஊக்கமும் தளரும். மனநோய்க்கு உண்ணும் மருந்துகள் உடலிற் சேரும் அளவும் மாறக்கூடும். எடை குறைந்துவிட்டதென மருத்துவரைக் காண்பதை நிறுத்துவது அதனாலேயே தீங்காகும்.

வீட்டாருக்கும் கடமை உண்டு. தீபாவளி விருந்தில் “இன்னும் ஒரு வாய்” என வற்புறுத்துவது அன்பாகாது, “எவ்வளவு இளைத்தாய்?” என நாள்தோறும் வினவுவதும் ஆறுதலாகாது. “மனம் எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, விடையைப் பொறுமையோடு கேட்பாரே துணையாவார். உடல் ஓராண்டில் இளைத்துவிடும். அப்புதிய உடலோடு வாழ உள்ளம் பழகுவதற்கு அதனினும் நெடுங்காலம் வேண்டும்.